பதினெட்டாவது பெயர்

இடைவேளைக்குள்ளேயே
சுண்ணாம்புக் கோட்டை ஆடிக்காற்று தூக்கிப்போய்விட்டது.
'டி எங்கவே?' என்கிறார் நடுவர்.
'நம்ம மனசுல இருக்கு சார்'
என்கிறான் ஆவுடையப்பன், கோலுக்கு நிற்கிறவன்.
நல்லமுத்தன்பட்டி மைதானம்.
தீப்பெட்டி ஆபீஸ் மதிலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
வெடித்துக் கிடக்கிற கரிசல்.
வளர்பிறை ஒன்று. உழவர் கழகம் ஒன்று.

என் மடியில் ஒரு தாள்.
மாவட்ட அணிக்குப் பதினெட்டுப் பேர்.
பதினேழு எழுதியாகிவிட்டது.

'இந்த வருசமாவது தேறுமா?'
சலூனில் கேட்கிறார்கள்.
மச்சினி வளைகாப்பில்
சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்கிறார்கள்.
தேறும் என்பேன், குழம்பு வரட்டும் என்று.

பீர்மைதீன் ஓடினால்
பந்து மட்டையில் ஆணியடித்தது போல வரும்.
யாருக்கும் தரமாட்டான், அதுதான்.
நடுவில் தங்கப்பழமும் அவன் சித்தப்பா மகனும்.
வரப்புத் தகராறு கோர்ட்டில் இருக்கிறது,
ஆகையால் இடமிருந்து வலம் பாஸ் கிடையாது.
ஆவுடையப்பனுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட்.
முதல் பத்து நிமிஷம் தூங்குவான்,
அதற்குள் ரெண்டு வாங்காவிட்டால்
அப்புறம் அவன் மதில்.

போன தடவை கால் இறுதியோடு பஸ் ஏறினோம்.
நீலத் தரை. ஆட்டத்துக்கு முன்னால்
குழாய் பிடித்துத் தரையை நனைத்தார்கள்.
எட்டு நாளைக்கு ஒருதரம் குடிதண்ணி வருகிற பயல்கள்
வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
அங்கேயே பாதி தோற்றாச்சு.
மீதியை, கல்லில் பட்டுத் துள்ளும் என்று காத்திருந்த பந்து
துள்ளாமல் போய்த் தோற்கடித்தது.

இப்போது பெனால்டி கார்னர். உழவர் கழகத்துக்கு.
ஜெபசிங் குனிகிறான்.
என் இடது முட்டிக்குக் கீழே
மழைக்கு முந்தி வலிக்கிற ஒரு கோடு உண்டு,
அவன் கிழித்தது. வேண்டுமென்றுதான்.
இழுத்து எறிகிறான்:
ஆவுடையப்பன் கையுறையில் பட்டு,
கம்பத்தில் பட்டு,
சீமைக்கருவேலத்தைத் தாண்டி
தண்டவாளத்துக்கு அந்தாண்டை.

சரக்கு ரயில் வருகிறது.

இன்னொரு பந்து காலையிலேயே பிளந்துவிட்டது.
இருபத்திரண்டு பேரும் மட்டையை ஊன்றி நிற்கிறார்கள்.
பெட்டி எண்ணுகிறான் ஒருவன், சத்தமாக.
தங்கப்பழம் தண்ணீர் பாட்டிலை நீட்ட
சித்தப்பா மகன் வேறுபக்கம் பார்த்து வாங்கிக்கொள்கிறான்.
இதைத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுத?

நான் எழுந்து ஜெபசிங்கிடம் போனேன்.
'பதினெட்டுல உன் பேரப் போடட்டா?'
அவன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.
'பெங்களூர் லோடு இருக்கு.
கேம்புக்குன்னு பத்து நாள் நின்னா
ஓனர் வேற ஆளப் போட்ருவாரு.'
முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு என்கிறது எண்ணுகிற குரல்.
'லோடு இல்லன்னா வாரேன்.'

எங்கள் கிளப்பில் ஒரு பையன் இருக்கிறான்.
எல்லாக் கேம்புக்கும் வருவான், ஷூ துடைத்துக்கொண்டு.
கார்னர் அடித்தால்
பந்துக்கு வலித்துவிடுமோ என்று அடிப்பான்.
அவன் அப்பாதான் எங்கள் கிளப் தலைவர்.

ஐம்பத்தியெட்டாவது பெட்டி போனதும்
எல்லோரும் ஓடினார்கள், நானும்.
ஜல்லிக்குள் கிடந்தது பந்து,
ஒரு பக்கம் கிரீஸ் அப்பி, உடையாமல்.

நடுவர் வேட்டியில் துடைத்தார்.
'லாங் கார்னர்' என்றார். கோல்தான் என்றது ஒரு தெரு.
சண்டை தொடங்கிவிட்டது, ஐந்து நிமிஷமாவது ஆகும்.

பேனாவை மூடி, பென்சிலை எடுத்து
ஜெபசிங் என்று எழுதினேன்.
லேசாகத்தான்.
தலைவர் மதில் ஓரமாக
என்னைப் பார்த்தே நடந்து வருகிறார்.